ஸ்டீமருக்கு வந்த களைப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் பெரியப்பா இருக்கும் முதியோர் இல்லத்தில், சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டது. அந்தப் பக்கம் நின்று சொன்னவள் அந்தச் சமையலறையின் பொறுப்பாளர். சொல்லி முடித்ததும், கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே கட்டளை போட்டாள்.

"என்னை ரொம்ப நல்லவளா எழுதாதீங்க. அழுததா எழுதவே எழுதாதீங்க. கடைசியில ரெண்டு பேரையும் சினிமா மாதிரி சேத்து வெச்சிடாதீங்க."

தலையாட்டினேன். எழுதுகிறவனின் தலையாட்டலை நம்பக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆவி சூழ்ந்த அந்த அறையில் காலம் ஒரு கொதிகலனைப் போல—

[போனில் படித்துக் காட்டினேன். "எங்க கிச்சன்ல கொதிகலனே இல்லையே?" என்றாள். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்:

முதுமை என்பது—

[இதை அடிக்க அவள் உதவி தேவைப்படவில்லை.]

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

2

எல்லாருக்கும் அவள் ஆவியக்கா. பெயர் வைத்தவர் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு தாத்தா. பட்டப்பகலில், ஸ்டீமர் கதவைத் திறந்ததும் குபீரென்று கிளம்பிய வெள்ளைப் புகைக்குள்ளிருந்து கையில் தட்டோடு இவள் வெளியே வருவதைப் பார்த்து, "ஐயோ, ஆவி!" என்று அலறிவிட்டார். அவருடைய பயம் போய்விட்டது. பெயர் போகவில்லை.*

* நேரில் நான் அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். கதையில் 'அவள்' என்று எழுதுவது மரியாதைக் குறைவு இல்லை, கதைக்காரர்களின் கெட்ட பழக்கம்.

அந்தச் சமையலறையைத் தாங்கி நின்றவை மூன்று. ஆளுயர இரும்பு அலமாரி மாதிரி ஒரு ஸ்டீமர். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டை வழவழவென்று அரைத்துக் கொடுக்க ஒரு பெரிய மிக்ஸி. எல்லாவற்றையும் சூடு ஆறாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோக ஒரு தள்ளுவண்டி. மூன்றையும் ஆவியக்கா பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். ஸ்டீமரின் வயிற்றில் உப்புப் படிந்தால் வினிகர் ஊற்றிக் கழுவுவாள். கதவின் ரப்பரை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். வண்டிச் சக்கரம் கீச்சிடுவதற்கு முன்பே எண்ணெய் விடுவாள். "மெஷினுக்கு தெனம் ஒரு தடவ முகம் காட்டிடணும். இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்" என்பது அவள் சித்தாந்தம்.

அப்படிப்பட்டவளின் சமையலறையில் ஒவ்வொன்றாகப் படுக்கத் தொடங்கியது.

முதலில் தள்ளுவண்டி நொண்டியது, முன்சக்கரத்து ஆணி கழன்றிருந்தது. மெக்கானிக் வந்தான், பூட்டினான், போனான். வாரம் திரும்புவதற்குள் ஸ்டீமர் கதவின் ரப்பர் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக் வந்தான். அடுத்து, ஸ்டீமரின் திருகு குமிழ் காணாமல் போய் துணி துவைக்கும் அறையில் கிடைத்தது. குமிழுக்குக் கால் முளைத்ததா என்ன?

3

மேனேஜருக்கு இரண்டே குரல். ஒன்று பணியாட்களுக்கு, ஒன்று முதலாளிக்கு. ஆவியக்காவைக் கூப்பிட்டு முதல் குரலில் சொன்னார்:

"அடிக்கடி ரிப்பேர்னா, ஒண்ணு மெஷினுக்கு வயசாயிடுச்சு, இல்ல உங்க கவனிப்பு போதல. வெளிய ஒரு கம்பெனி இருக்கு. சாப்பாடு பெட்டியில வரும். சூடு பண்ணிக் குடுத்தா முடிஞ்சுது. கிச்சனே தேவையில்ல."

"பல்லு இல்லாதவங்களுக்கு?"

"அவங்களுக்கும் பெட்டிதான்."

"விழுங்க முடியாதவங்களுக்கு?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா."

பார்த்துக்கலாம் என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். ஆவியக்கா திரும்பி வந்து, தேவையே இல்லாமல் ஸ்டீமரை இன்னொரு தடவை துடைத்தாள்.

4

யாரைச் சந்தேகப்படுவது? பாத்திரம் கழுவும் பெண்ணுக்குப் பாட்டில் மூடி திறக்கவே பக்கத்தில் ஆள் வேண்டும். காய் நறுக்குகிறவன் ஸ்டீமரைக் கண்டால் ஒதுங்கி நடப்பான். மிச்சம் மெக்கானிக்தான். மெஷின் படுத்தால் யாருக்கு வேலை? அவனுக்குத்தானே?

[மெக்கானிக் மேல் எனக்கும் சந்தேகம், வேறு காரணத்துக்காக. கதையில் ரொம்ப நல்லவனாக வருகிறான். "ஏதாவது கெட்ட குணம் சொல்லுங்களேன்" என்று ஆவியக்காவைக் கெஞ்சினேன். அவள் யோசிக்கவே இல்லை. "தொடச்ச தரையில கிரீஸ் காலோட நடப்பான். வேலை செய்யறப்ப பாட்டு வேற. அதுக்கு மிக்ஸி சத்தமே தேவல." போதும், மனிதனாகிவிட்டான்.]

அவனைக் கண்காணிக்கத் தொடங்கியவளின் கண்ணில் பட்டது வேறொரு ஆள்.

அந்த இல்லத்தில் சூப்பர்வைசரம்மா என்று ஒருத்தி. நூல் மில்லில் ஒரு வரிசை மெஷின்களையும் அதன் ஆட்களையும் மேய்த்து ஓய்வு பெற்றவள். வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது, வாய்க்கு வாக்கர் தேவையில்லை. மெக்கானிக் வரும் நாளில் மட்டும் இந்த அம்மாள் தலையைப் படிய வாரி, பவுடர் போட்டு, ஜன்னலுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"டேய், ஸ்பேனரை அப்படியா புடிப்பாங்க? கரண்டி புடிக்கிற மாதிரி!"

"நீங்க வந்து புடிச்சுக் காட்டுங்களேன்."

"காட்டினா உன் பொழப்பு போயிடும்டா."

நல்ல பொழுதுபோக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குமிழைப் பூட்ட வந்த அன்று சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. ஸ்டீமருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன், உள்ளேயிருந்தே சலித்துக்கொண்டான்:

"போதும் விடுங்க அத்தை. கத்திக் கத்தி நெஞ்சு வலிக்கப் போவுது."

அத்தை.

ஆவியக்காவின் கரண்டி பாதியில் நின்றது. சூப்பர்வைசரம்மா எழுந்தாள். வாக்கரை அவ்வளவு வேகமாகத் தள்ளிக்கொண்டு அவள் போய் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

5

"யாரு தம்பி அத்தை?"

மெக்கானிக் கையை ரொம்ப நேரம் துடைத்தான்.

"என் பொண்டாட்டியோட அம்மாக்கா. பொண்டாட்டியா இருந்தவளோட அம்மா."

"ஏன் பிரிஞ்சீங்க?"

"நான் நல்ல புருஷன் இல்லக்கா. நல்ல மாப்பிள்ளையா இருந்தேன். ரெண்டும் வேற வேற வேலை."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, அவளும் துருவவில்லை. [நான் துருவிப் பார்த்தேன். "அது உங்க கதைக்கு வேணாம்" என்று ஆவியக்கா முடித்துவிட்டாள்.]

மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில், விடுமுறை நாளானால் இரண்டு பேரும் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார்களாம். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, அகப்பட்டது எதுவானாலும். பிறகு மகள் பிரிந்து வந்தாள். அம்மா மகள் பக்கம் நின்றாள். "இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று வாக்கும் கொடுத்தாள். அந்த வாக்கு இன்றுவரை தவறவில்லை என்றே சொல்ல வேண்டும். பாதி நேரம் அவன் மூஞ்சி ஸ்டீமருக்குள் அல்லவா இருந்தது?

"சும்மா வந்து பாத்துட்டுப் போறதுக்கென்ன தம்பி?"

"வாசல்ல கேப்பாங்களேக்கா, நீங்க யாருன்னு. என்னன்னு சொல்றது?"

(நியாயமான கேள்வி. அக்கா புருஷனுக்கு ஒரு சொல், புருஷனின் தம்பிக்கு ஒரு சொல், சம்பந்தியின் கொழுந்தன் வரைக்கும் வளைத்து வளைத்துச் சொல் வைத்திருக்கிற மொழி நம்முடையது. அறுந்துபோன மாமியாருக்கு மட்டும் கையை விரிக்கிறது.)

"அப்ப, பூட்டினதெல்லாம் கழட்டறது யாருன்னு உனக்குத் தெரியும்?"

அவன் கருவிப் பெட்டியை மூடினான். "கழட்டின ஆணி தொலையக் கூடாதுன்னு துணியில முடிஞ்சு பக்கத்துலயே வெக்கிற திருடன எங்கயாவது பாத்திருக்கீங்களா? எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆளுக்குத்தான் அந்தப் பழக்கம்."

6

இப்போது ஆவியக்கா என்ன செய்திருக்க வேண்டும்? மேனேஜரிடம் போயிருக்க வேண்டும், இல்லை அந்த அம்மாளிடம் போயிருக்க வேண்டும். அவள் எங்கும் போகவில்லை. மத்தியானம் பரிமாறி முடித்து, சமையல் ஆட்கள் பின்னறையில் சாப்பிட உட்காரும் நேரத்தில், சமையலறைப் பக்கம் வாக்கர் டக் டக்கென்று போவது அவள் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு கவளம் வாயில் வைத்தாள். போகட்டும், பாவம், ஒரு ஆணிதானே.

[கதையை இங்கேயே நிறுத்தினால் எவ்வளவு இதமாக இருக்கும்! நிறுத்தி ஒரு நாள் வைத்தும் பார்த்தேன். ஆனால் "மிக்ஸிய எழுதிட்டீங்களா?" என்று அவள் போனில் கேட்டாள். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.]

அந்த முறை போனது ஆணி இல்லை. மிக்ஸியின் அடியில், பிளேடைச் சுற்ற வைக்கும் சின்னக் கப்ளர். மாலைச் சாப்பாட்டுக்கு அரைக்கப் போனபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது. மெக்கானிக் வெளியூரில் இருந்தான். ஆவியக்கா காயையும் கிழங்கையும் குழைய வேகவைத்து, கையால் மசித்து, சல்லடையில் தேய்த்து எடுத்தாள். முடிந்தவரை செய்தாள். எங்கோ ஒரு நார் தப்பிவிட்டது.

சூப்பர்வைசரம்மாவின் பக்கத்துக் கட்டில்காரிக்கு அந்த நார் தொண்டையில் நின்றது. முதலில் இருமல். அப்புறம் இருமல்கூட வரவில்லை. உதடு நீலமாக மாறியதைப் பார்த்து நர்ஸ் ஓடிவந்து, குனிய வைத்து, முதுகில் குத்திக் குத்தி வெளியே கொண்டுவந்தாள். கூடத்தில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. ஆவியக்கா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

7

மறுநாள் காலையில் நேராக அந்த அறைக்குப் போனாள்.

"கப்ளரைக் குடுங்க."

"எந்தக் கப்ளர்?"

"அம்மா, வெளையாடாதீங்க."

சூப்பர்வைசரம்மா மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். கைக்குட்டையில் முடிந்திருந்தது.

"நான் எந்த மெஷினையும் கெடுத்ததில்ல. கொஞ்சம் களைப்பாக்கினேன். அவ்வளவுதான்."

"உங்க களைப்புல நேத்து ஒரு உசுரு போயிருக்கும்! எதனால அடைச்சுதுன்னு தெரியுமா? மிக்ஸி ஓடல. கையால மசிச்சேன். மாப்பிள்ளையப் பாக்கணும்னா வாயத் தொறந்து கேக்கணும். உங்க வீம்புக்கு அடுத்தவங்க தொண்டையா கெடச்சுது?"

அந்த அம்மாள் கப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டிருந்தேனே, என்னையும் ஒதைக்கணும்" என்றாள் ஆவியக்கா, இன்னும் சத்தமாக.

"ஏம்மா கத்தற?" என்று கரகரப்பாக ஒரு குரல். பக்கத்துக் கட்டில்காரி போர்வையை விலக்கிப் பார்த்தாள். "நான்தான் இன்னும் இருக்கேனே. அவ மாப்ள பேச்சு தெனம் என் காதுலதான் விழுது. அதுக்கு அந்த நாரே மேல்."

[இந்த இடத்தில் ஆவியக்கா— எழுத மாட்டேன் என்று தலையாட்டியிருக்கிறேன். கண்ணில் ஆவி அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் ஸ்டீமர் ஏது என்று கேட்காதீர்கள்.]

8

அன்றைக்கே சூப்பர்வைசரம்மா மேனேஜரின் அறைக்குப் போனாள். வண்டி ஆணி, ரப்பர், குமிழ், கப்ளர், எல்லாம் என் வேலைதான், ஆவியக்கா மேல் தப்பில்லை என்று சொன்னாள். மேனேஜர் இரண்டு குரலும் இல்லாத மூன்றாவது ஒரு குரலில், குழந்தையிடம் பேசுவது மாதிரிப் பேசினார்.

"உங்களுக்குப் பெரிய மனசும்மா. அவங்க வேலை போகக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க. இந்த வயசுல, இந்தக் கையால..."

"என்னால முடியாதுங்கறீங்களா?"

"முடியாதுன்னு சொல்லலம்மா..."

"எழுந்திரிங்க."

மேனேஜர் டீக்கோப்பையோடு அவள் பின்னால் போனார். சமையலறையில் காலியாக நின்ற தள்ளுவண்டியின் பக்கத்தில் அந்த அம்மாள் வாக்கரைப் பிடித்து மெல்லக் குனிந்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். மேனேஜர் டீயை ஊதி முடிப்பதற்குள் சக்கரம் கழன்று, தரையில் உருண்டு, அவருடைய ஷூவில் முட்டி நின்றது. ஆணியைக் கைக்குட்டையில் முடிந்து அவர் கையில் வைத்தாள்.

"மெஷினெல்லாம் நல்ல மெஷின். கவனிப்பும் நல்ல கவனிப்பு. நோய் நான்தான். எழுதிக்குங்க."

பெட்டிச் சாப்பாட்டுப் பேச்சு அன்றோடு பெட்டிக்குள் போயிற்று. சமையலறைக்குப் பூட்டு வந்தது, சாவி ஆவியக்காவின் கழுத்தில் ஏறியது. சூப்பர்வைசரம்மாவின் மகளுக்கு மேனேஜர் போன் செய்தார். செய்யாமல் விட முடியுமா?

நொண்டி வண்டி நின்றது நின்றபடி நின்றது. அந்தச் சக்கரத்தைப் பூட்ட ஆவியக்காவுக்கே தெரியும். ஆனாலும் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

9

மகள் வேலை முடிந்து நேராக வந்தாள், தோளில் பையோடு. சாப்பாட்டுக் கூடத்தில் அம்மா விசாரணைக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தள்ளுவண்டி. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தரை துடைத்திருந்ததால், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று ஆவியக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்.

மகள் அந்தக் கால்களைப் பார்த்தாள். மூஞ்சி தேவைப்படவில்லை.

"சாக்ஸ் கிழிஞ்சிருக்கு."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"தெரியும்" என்றது வண்டி.

"நான் வரச் சொல்லல" என்றாள் அம்மா அவசரமாக. "வண்டியப் பாக்க வந்தான்."

"வண்டி தானாவா நொண்டிச்சு?"

ஜன்னலுக்குப் பின்னால் ஆவியக்கா காய்ந்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் அம்மா. "நீ பிரிஞ்சு வந்தது சரிதான். இன்னிக்குக் கேட்டாலும் உன் பக்கம்தான் நிப்பேன். ஆனா எனக்கும் அவனுக்கும் சண்டையே இல்லடி. உன் சண்டையில நானும் சேந்துக்கிட்டேன்."

மகள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா?"

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்." தோளிலிருந்து பையை இறக்கினாள். "நீ மறுபடியும் கேட்டிருப்பே."

பிறகு வண்டியைப் பார்த்து, ஆனால் குனியாமல், "வர்றதுன்னா வாங்க. ஞாயித்துக்கிழம வேணாம், நான் வருவேன்" என்றாள்.

"வாசல்ல யாருன்னு கேட்டா?" என்றது வண்டி.

அவள் யோசித்தாள்.

"அம்மாவுக்கு வேண்டியவர்னு சொல்லுங்க."

(வேண்டியவர். மொழியைக் குறை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

10

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

மகள் குனிந்து, வண்டிக்கு அடியில் கையை நீட்டி, அவன் விரல்களை—

["சொன்னேனா இல்லையா?" என்று ஆவியக்கா.]

சரி, இது வேண்டாம். கொஞ்சம் கசப்பாக:

அடுத்த மாதமே மகள் அம்மாவை வேறொரு இல்லத்துக்கு மாற்றினாள். அங்கே எல்லாம் பெட்டியில்—

[இது எழுதச் சுலபமாக வந்தது. அதனாலேயே நம்பிக்கையில்லை. தவிர, அந்த மகள் இதற்கு என்ன பாவம் செய்தாள்?]

நடந்தது என்னவென்றால், அவன் வந்தான். ஒரு புதன்கிழமை. வாசலில் கேட்டார்கள், வேண்டியவர் என்றான், விட்டுவிட்டார்கள். புதுச் சாக்ஸ். கருவிப் பெட்டி இல்லாமல் வந்ததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையில் விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். சூப்பர்வைசரம்மா பவுடர் போட்டுக் காத்திருந்தாள்.

"வாங்க" என்றாள்.

அவன் திடுக்கிட்டான். மாப்பிள்ளையாக இருந்தபோதும் அவள் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவாள். அந்தப் பதவி போன பிறகுதான் 'டேய்' வந்தது, 'டேய்' வந்த பிறகுதான் மிச்சமிருந்த தூரமும் போனது. இப்போது முறையாக வந்திருக்கிற விருந்தாளி. திரும்பவும் 'வாங்க'.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

தீர்ந்துவிட்டது. ஸ்டீமர் சமர்த்தாக இருந்தது. வண்டி ஒழுங்காக உருண்டது. மிக்ஸி பக்கத்துக் கட்டில்காரிக்கு வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்தது. திட்ட ஒன்றும் இல்லை, திட்டு வாங்கவும் ஒன்றும் இல்லை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரும் புதிதாக வெள்ளையடித்த சுவர். ஜன்னலுக்குள் ஆவியக்காவுக்குத் தவிப்பாக இருந்தது. எதையாவது கீழே போட்டு உடைக்கலாமா என்றுகூட நினைத்ததாகச் சொன்னாள்.

அப்போதுதான் அவன் கண் அந்த அம்மாளின் நாற்காலிக் காலுக்குப் போனது. தலையைச் சாய்த்தான். மெல்லக் குனிந்தான். ஒரு விரலால் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தான். மேலேயிருந்து அந்த அம்மாளும் எட்டிப் பார்த்தாள். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் தூரம்.

ஆவியக்கா இவ்வளவுதான் சொன்னாள். யாருக்கோ தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாளாம். நான் நம்பவில்லை, ஆனாலும் வற்புறுத்தவில்லை. அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கல்லு மாதிரி நிற்கிறது, நூலளவு ஆட்டம் இல்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்போது அவன் நிமிரப் போகிறான். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விடைபெறலாம். "லேசா ஆடுதே அத்தை" என்றும் சொல்லலாம். அந்த அம்மாள் வாயை ஏற்கெனவே பாதி திறந்துவிட்டாள்.

நான் பேனாவை மூடுகிறேன். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள், குனிந்தபடியே இருக்கிறான்.